ஒன்று கூட, ஒன்று குறைய: தீவுக் கடற்கரையில் ஒற்றையாள் சீட்டாட்டம்

கணினியிலும் கைப்பேசியிலும் ஒருவர் தனியாக ஆடும் சீட்டாட்டங்களைச் சாலிடேர் என்ற பொதுப்பெயரால் குறிப்பது வழக்கம். அவற்றுள் ஒரு வகையில், திறந்திருக்கும் சீட்டைவிட ஒன்று கூடுதலாகவோ ஒன்று குறைவாகவோ எண்மதிப்புக் கொண்ட சீட்டை மேசையிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்து, அதற்கு அடுத்ததை அதன்மேல் வைத்து, இப்படியே மேசை முழுவதையும் காலி செய்ய வேண்டும். இவ்வியல் அந்த வகையைப் பற்றியது. தென்னை மரம், நீலக் கடல், செம்பருத்தி, மரத்தில் செதுக்கிய முகம் என்று தீவுக்காட்சியோடு வெளிவரும் சாலிடேர்களுள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. பின்னணிப் படமும் இசையும் மாறினாலும் உள்ளே இயங்கும் விதி பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல சீட்டு வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்று இவ்வாட்டத்தைக் கருதுவோர் பலர். அக்கருத்து பாதி சரி. ஒரே நேரத்தில் இரண்டு சீட்டுகள் பொருந்தி நிற்கும்போது எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவைப்பது என்ற முடிவில்தான் மறுபாதி இருக்கிறது. அம்முடிவைப் பழக்கப்படுத்திக்கொள்ள உதவுவதே இங்குச் செய்யத்தக்கது.

மூல ஆட்டம்

இவ்வகையின் தாய் என்று சொல்லத்தக்கது கோல்ஃப் என்னும் பழைய ஒற்றையாள் ஆட்டம். அதில் 35 சீட்டுகள், ஏழு வரிசைகளாக, வரிசைக்கு ஐந்து வீதம் முகம் தெரியப் பரப்பப்படும். எஞ்சிய 17 சீட்டுகள் கையில் இருக்கும். ஆட்ட முடிவில் மேசையில் எத்தனை சீட்டு எஞ்சுகிறதோ அத்தனை அடி என்று கோல்ஃப் விளையாட்டைப் போலவே கணக்கிடப்படும். கண்டிப்பான விதிப்படி ராஜாவின்மேல் எதையும் வைக்க முடியாது என்பதால் கோல்ஃப் சற்றுக் கடுமையானது. ராபர்ட் ஹோக் என்பவர் 1989-ஆம் ஆண்டில் உருவாக்கிய ட்ரைபீக்ஸ், அதாவது மூன்று சிகரங்கள், இந்தக் கடுமையைத் தளர்த்தியது. அதில் ராஜாவின்மேல் ஏஸும், ஏஸின்மேல் ராஜாவும் வைக்கலாம். எண்வரிசை ஒரு வட்டமாகச் சுற்றுவதால் எந்தச் சீட்டும் முட்டுச்சந்து ஆவதில்லை. 1991-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் பொழுதுபோக்குத் தொகுப்பின் மூன்றாம் பகுதியில் இடம்பெற்றதால் ட்ரைபீக்ஸ் அலுவலகக் கணினிகளுக்குள் நுழைந்தது. 2012-இல் விண்டோஸ் 8 இயங்குதளத்துக்காக வெளியான மைக்ரோசாஃப்ட் சாலிடேர் தொகுப்பிலும் க்ளோண்டைக், ஸ்பைடர், ஃப்ரீசெல், பிரமிட் ஆகியவற்றோடு அது ஐந்தாவது ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது.

சீட்டுக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவு கணினியில் ட்ரைபீக்ஸின் 1991 வருகைக்கும் ஓராண்டு முந்தியது என்பது சுவையான செய்தி. 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேருக்குச் சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். நிரலை எழுதியவர் அந்நிறுவனத்தில் அப்போது பயிற்சி மாணவராக இருந்த வெஸ் செர்ரி. சீட்டின் பின்புறத்துக்குத் தரப்பட்ட படங்களுள் ஒன்று தென்னையும் கடலும் கொண்ட ஒரு தீவு. அதன் வானிலிருக்கும் சூரியன் இடையிடையே நாக்கை நீட்டும். பின்னாளில் இணையத்திலிருந்து இறக்கி ஆடிய அலோஹா ட்ரைபீக்ஸ் போன்ற ஆட்டங்களிலும், அதன்பின் கைப்பேசிக்கு வந்த தீவுப் பயண ஆட்டங்களிலும் அந்தச் சிறு குறும்பு முழு அலங்காரமாக வளர்ந்துவிட்டது.

மேசையின் அமைப்பு

ட்ரைபீக்ஸில் ஜோக்கர் இல்லாத 52 சீட்டுக் கட்டு ஒன்று பயன்படும். அதிலிருந்து 28 சீட்டுகள் மேசையில் நான்கு வரிசைகளாக அடுக்கப்படும்: உச்சியில் 3, அதன்கீழ் 6, அதன்கீழ் 9, அடியில் 10. அடிவரிசையின் பத்துச் சீட்டுகள் மட்டும் முகம் தெரியத் திறந்திருக்கும். மேலுள்ள 18 சீட்டுகளும் கவிழ்ந்திருக்கும். கவிழ்ந்த ஒவ்வொரு சீட்டின்மீதும் அதற்குக் கீழ்வரிசையிலுள்ள இரண்டு சீட்டுகள் படிந்திருக்கின்றன. இரண்டும் எடுக்கப்பட்ட பிறகே அது திறக்கும். ஒவ்வொரு சிகரமும் தனித்தனியே பத்துச் சீட்டுக் கொண்டது. எனினும் அடிவரிசையில் இடமிருந்து நான்காவதும் ஏழாவதும் ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு சிகரங்களுக்குப் பொதுவாக நிற்பதால் மொத்தம் முப்பதாகாமல் இருபத்தெட்டாகிறது. எஞ்சிய 24 சீட்டுகளை இவ்வியலில் கைக்கட்டு என்று குறிக்கலாம். அதன் முதல் சீட்டைத் திறந்து வைத்தவுடன் ஆட்டம் தொடங்குகிறது. இப்படித் திறந்து வைத்த குவியலின் உச்சியில் எந்த நேரத்தில் எது இருக்கிறதோ அது தலைச்சீட்டு. அதற்குப் பொருந்துவது மேசையில் இல்லையென்றால் கைக்கட்டிலிருந்து அடுத்ததைத் திறக்க வேண்டும். கைக்கட்டு தீர்ந்து, தலைச்சீட்டுக்குப் பொருந்துவதும் இல்லாமற்போனால் ஆட்டம் முடிந்துவிடும்.

ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்ற இனவேறுபாடு இவ்வாட்டத்தில் ஒரு பொருட்டன்று. எண்மதிப்பு மட்டுமே கணக்கு. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு முதலில் இதுவே இடறும். அவர்களுடைய கண் இனத்தையும் நிறத்தையும் தேடி அலைவதால், மூலையிலிருக்கும் எண்ணை மட்டும் பார்க்கச் சில ஆட்டங்கள் பிடிக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என இரண்டு எண்மதிப்புகள் பொருந்துகின்றன. எண்மதிப்புக்கு நான்கு சீட்டுகள் வீதம், எந்தத் தலைச்சீட்டுக்கும் எஞ்சிய 51 சீட்டுகளுள் எட்டுப் பொருத்தமானவை. திறந்திருக்கும் பத்துச் சீட்டுகளுள் சராசரியாக ஒன்றரைக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும் என்பது இதிலிருந்து பெறப்படும். தொடக்கத்திலேயே ஒன்றுகூடப் பொருந்தாமல் போவது நூற்றுக்குப் பதினைந்து ஆட்டங்களில்தான். ஆகவே பெரும்பாலான ஆட்டங்களில் முதல் அசைவே ஒரு தேர்வாகவோ, அடுத்த தேர்வுக்கு இட்டுச் செல்வதாகவோ அமைந்துவிடுகிறது.

தொடுவதற்கு முன் பார்த்தல்

கைக்கட்டைத் தொடாமல் அடுத்தடுத்து எடுக்கும் சீட்டுகளின் தொடரை ஓட்டம் எனலாம். ஹோக்கின் மதிப்பெண் முறையில் ஓட்டத்தின் முதல் சீட்டுக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3 என்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும். கைக்கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திறந்தால் 5 குறையும். ஓட்டமும் அறுந்து, அடுத்த சீட்டுக்கு மீண்டும் 1 என்றே தொடங்கும். முதல் இரண்டு சிகரங்களை எட்டினால் தலா 15, மூன்றாவதற்கு 30. பத்துச் சீட்டுகளை ஒரே ஓட்டத்தில் எடுத்தவருக்கு 55 கிடைக்கிறது; அதே பத்தை ஐந்தைந்தாகப் பிரித்து, இடையில் ஒருமுறை கைக்கட்டைத் தொட்டவருக்கு 25 மட்டுமே கிடைக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பரிசு இவ்வளவு பெரிதாக இருப்பதால், பொருந்தும் சீட்டைக் கண்டவுடன் விரல் வைக்கும் பழக்கமே ஆட்டக்காரருக்கு முதல் எதிரி.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். அடிவரிசையில் இடமிருந்து வலமாக 5, 9, 8, ஜாக்கி, 3, ராஜா, 7, 2, 10, 6 என்று பத்துச் சீட்டுகள் திறந்திருப்பதாகவும், தலைச்சீட்டு 9 என்றும் கொள்ளலாம். 9-க்கு 8-உம் பொருந்துகிறது, 10-உம் பொருந்துகிறது. அவசரக்காரர் 8-ஐ எடுப்பார்; அடுத்து 7, 6, 5 என்று படி இறங்குவதுபோல் நான்கு சீட்டுகள் மளமளவென்று போகும். பார்க்க அழகான ஓட்டம்தான். ஆனால் எடுக்கப்பட்டவை மூன்றாவது, ஏழாவது, பத்தாவது, முதலாவது இடங்களில் இருந்தவை. அவற்றுள் எந்த இரண்டும் அடுத்தடுத்து இல்லை. எனவே நான்கு சீட்டுகள் போயும் கவிழ்ந்த சீட்டு ஒன்றுகூடத் திறக்கவில்லை. சற்று நிதானமானவர் 8-ஐ எடுத்து, அதன்மேல் மேசையிலிருக்கும் 9-ஐ வைத்து, பிறகு 10, ஜாக்கி என்று மேலேறுவார். இதுவும் நான்கு சீட்டுகளே, மதிப்பெண்ணும் அதே 10 தான். ஆயினும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடங்கள் அடுத்தடுத்துக் காலியானதால் கவிழ்ந்த சீட்டுகள் இரண்டு திறந்துவிடுகின்றன.

இவ்விரண்டையும்விட மேலான வழி ஒன்று இருக்கிறது. முதலில் 10-ஐ எடுக்க வேண்டும். அதன்மேல் மேசையிலிருக்கும் 9, பிறகு 8, 7, 6, 5 என்று இறங்கினால் ஆறு சீட்டுகள் ஒரே ஓட்டத்தில் போகின்றன; மதிப்பெண் 21. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது இடங்கள் சேர்ந்து காலியாவதால் இரண்டும், ஒன்பதாவது, பத்தாவது இடங்கள் காலியாவதால் ஒன்றுமாகக் கவிழ்ந்த சீட்டுகள் மூன்று திறக்கின்றன. தலைச்சீட்டு 9 ஆக இருக்கையில் மேசையிலும் ஒரு 9 கிடப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒருபக்கம் ஏறிப்போனவர் திரும்பி வருவதற்கு அந்த 9 பாலமாகிறது. ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் இவ்வாறு திரும்பும் இடம் எது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். திரும்பும் சீட்டு இருக்கும் பக்கத்தை முதலில் ஆடி, திரும்ப முடியாத நெடும்பாதையைக் கடைசிக்கு வைப்பது நல்ல ஆட்டக்காரர்களின் வழக்கம். மேற்கண்ட பத்துச் சீட்டுகளையும் ஒரு தாளில் எழுதிவைத்து, மூன்று வழிகளையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பது, விதியை நூறு முறை படிப்பதைவிடப் பயன் தரும்.

ஒரே எண்மதிப்புள்ள இரண்டு சீட்டுகள் திறந்திருந்து ஒன்றை மட்டும் எடுக்க முடியும் என்றால், எதை எடுத்தால் மேலே ஒன்று உடனே திறக்குமோ அதை எடுப்பதே பொதுவிதி. இரண்டும் திறப்பவை என்றால், இன்னும் அதிகச் சீட்டுகள் புதைந்திருக்கும் பக்கத்துக்கு முன்னுரிமை. சிகரத்துக்குரிய 15 மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டு ஒரு பக்கத்தை மட்டும் துரத்திக்கொண்டு போவது புதியவர்களிடம் காணப்படும் பொதுவான குறை. ஒரு சிகரம் முழுதாகக் காலியாகிவிட்டால் அந்தப் பக்கத்தில் இனித் திறப்பதற்கு எதுவும் இல்லை. மேசையில் தெரியும் சீட்டுகளின் எண்ணிக்கை சுருங்குகிறது. எண்ணிக்கை சுருங்கச் சுருங்கக் கைக்கட்டிலிருந்து வருவது பொருந்தும் வாய்ப்பும் சுருங்குகிறது.

எண்ணிக்கையைப் போலவே பரவலும் முக்கியமானது. மேசையில் மூன்று சீட்டுகள் திறந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவை 4, 4, 5 ஆக இருக்கும்போது 3, 4, 5, 6 என்ற நான்கு எண்மதிப்புகளுக்கு மட்டுமே விடை சொல்லும். அதே மூன்றும் 4, 8, ராணி ஆக இருந்தால் 3, 5, 7, 9, ஜாக்கி, ராஜா என்று ஆறு எண்மதிப்புகளை வரவேற்கும். ஆகவே ஒரே ஓட்டத்தை இரண்டு வழிகளில் முடிக்க முடிகிறதென்றால், முடிந்த பிறகு மேசையில் ஒன்றுக்கொன்று விலகிய எண்கள் எஞ்சும் வழியே சிறந்தது.

கடைசிப் பத்துச் சீட்டுகள்

ஹோக் கணினியில் செய்த ஆய்வின்படி ட்ரைபீக்ஸ் ஆட்டங்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முடிக்கத்தக்கவை. நடைமுறையில் அவ்வளவு வெற்றி கிடைப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் கவிழ்ந்த சீட்டுகளும் கைக்கட்டின் வரிசையும் ஆட்டக்காரருக்குத் தெரியாமலிருப்பதே. ஆனால் ஆட்டம் வளர வளர இந்த அறியாமை குறைந்துகொண்டே வருகிறது. மேசையில் கடைசிக் கவிழ்ந்த சீட்டும் திறந்துவிட்ட கணத்தில், இதுவரை கண்ணில் படாதவை அனைத்தும் கைக்கட்டுக்குள்தான் இருக்க முடியும். வரிசை தெரியாவிட்டாலும் உள்ளே எவை இருக்கின்றன என்பது கணக்கிடத்தக்கதாகிவிடுகிறது. 52 சீட்டையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. மேசையில் எஞ்சியவற்றுக்குப் பக்கத்து எண்கள் எத்தனை போய்விட்டன என்று பார்த்தால் போதும். எடுத்துக்காட்டாக, ஒரு 6 எஞ்சியிருக்கையில் நான்கு 5-உம் மூன்று 7-உம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், அந்த 6-இன் விடுதலை ஒரே ஒரு 7-ஐ நம்பியிருக்கிறது. அந்த 7 மேசையிலேயே திறந்திருந்தால் அதை வேறு ஓட்டத்தில் செலவழித்துவிடாமல், 6-ஐ அடுத்து எடுக்க முடிகிற தருணத்துக்காகக் காத்துவைக்க வேண்டும். பொருந்தும் சீட்டை வேண்டுமென்றே விட்டுவைக்கத்தக்க இடம் இது. மதிப்பெண்ணில் 5 இழந்தாலும் ஆட்டம் காப்பாற்றப்படும்.

போய்விட்டவற்றைச் சில பதிப்புகள் குவியலை விரித்துக் காட்டும். பல பதிப்புகள் காட்டுவதில்லை. காட்டாதவற்றில் கைக்கட்டு பாதியான பிறகு ஏஸ், ராஜா ஆகிய இரண்டை மட்டும் எண்ணத் தொடங்குவது நல்ல பயிற்சி. ராஜாவும் ஏஸும் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதைப் பலர் ஆட்டத்தின் வேகத்தில் மறந்துவிடுவதால் அவ்விரண்டும்தான் கடைசியில் மேசையில் தேங்கும். சுற்றுப் பொருத்தம் அனுமதிக்கப்படாத பதிப்புகளும் உண்டு. அங்கே ராஜாவுக்கு ராணியும் ஏஸுக்கு இரண்டும் மட்டுமே துணை. எனவே புதிய ஆட்டம் எதையும் தொடங்குமுன் விதிப்பக்கத்தில் இந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

அலங்காரத்தின் பின்னே

தீவுக்காட்சி எந்தத் தீவுடையது என்று கேட்டால் விடை எளிதன்று. கைப்பேசியில் பரவலாக ஆடப்படும் சாலிடேர் ட்ரைபீக்ஸ் என்னும் ஆட்டத்தில் டிக்கி பீட் என்ற பாத்திரம் ஆட்டக்காரரை ஒவ்வொரு தீவாக அழைத்துச் செல்கிறது. டிக்கி என்பது மாவோரி, மார்க்கேசஸ் உள்ளிட்ட பொலினீசிய மக்களிடையே முன்னோரைக் குறிக்கும் செதுக்குருவம். அது மதுக்கடை அலங்காரமாக மாறியது பசிபிக் தீவுகளில் அன்று. 1930-களில் ஹாலிவுட்டில் தொடங்கிய டான் த பீச்கோம்பர் போன்ற அமெரிக்க விடுதிகளில். மூங்கில் சுவர், பந்தம், மலர்மாலை, மரமுகம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த அந்தக் கலவைதான் இன்று சீட்டின் பின்னணியிலும் நிற்கிறது. அதில் தவறாமல் இடம்பெறும் அன்னாசி தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1901-இல் ஜேம்ஸ் டோல் தொடங்கிய நிறுவனம் அதை ஹவாயின் அடையாளமாக்கியது. கிளைமேல் அமரும் பஞ்சவர்ணக்கிளியோ அமெரிக்கக் கண்டத்துக் காடுகளுக்குரியது. ஹவாயின் பறவையே அன்று. செம்பருத்திக்கு மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. ஹவாய்க்கே உரிய மஞ்சள் செம்பருத்தி 1988 முதல் அம்மாநிலத்தின் மலர். ஆனால் ஆட்டங்களில் வரைவது பெரும்பாலும் சிவப்பைத்தான்.

வழிகாட்டி நூலில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். அலங்காரம் கண்ணுக்கு எவ்வளவு இனிமையோ, எண்ணைப் படிப்பதற்கு அவ்வளவு இடைஞ்சல் என்பதே காரணம். மணல்நிறப் பின்னணியில் வெளிர்மஞ்சள் சீட்டு, அதன் ஓரத்தில் ஓலைவேலைப்பாடு, மூலையில் சிறிய எண் என்று அமைந்துவிட்டால் 6-உம் 8-உம், 9-உம் 10-உம் மயங்கும். ஆகவே அமைப்புப் பகுதிக்குச் சென்று பெரிய எண் கொண்ட சீட்டு வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதும், அசையும் பின்னணியை நிறுத்துவதும் முதல் வேலையாக இருக்க வேண்டும். பொருந்தும் சீட்டைத் தானே மினுக்கிக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுவது நன்று. அது பொருந்துவதைத்தான் காட்டும், திறப்பதைக் காட்டாது; மேற்கண்ட எடுத்துக்காட்டில் 8-உம் 10-உம் ஒரே மாதிரி மினுங்கியிருக்கும். அலை ஓசையை வைத்துக்கொள்வதில் கெடுதல் இல்லை.

நிலைகள், தடைகள், நாணயங்கள்

இன்றைய தீவு ஆட்டங்கள் மூன்று சிகரங்களோடு நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான நிலைகள் வரிசையாக வரும்; ஒவ்வொன்றிலும் சீட்டுகள் மீன்வடிவிலோ படகுவடிவிலோ அடுக்கப்பட்டிருக்கும். இவற்றை ஆடத் தொடங்குபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, ஒற்றைக் கட்டு என்ற விதி அங்கே நடைமுறையில் இருக்கிறதா என்பதை. சோதனை எளிது. ஒரு நிலைக்குள் ஒரே எண்மதிப்பு ஐந்தாவது முறையாக வந்துவிட்டால் அது 52 சீட்டுக் கட்டு அன்று. அப்போது போனவற்றை எண்ணி எஞ்சியவற்றை ஊகிக்கும் முறை அங்கே பயன்படாது. பரவலைக் காப்பது, திறப்பதை முதலில் எடுப்பது, திரும்பும் சீட்டைத் தேடுவது ஆகிய மூன்றுமே துணை.

தடைகள் பல பெயர்களில் வந்தாலும் வகையில் சிலவே. பூட்டிய சீட்டு, அதற்குரிய சாவி மேசையில் வேறோரிடத்தில் எடுக்கப்படும்வரை அசையாது. எனவே சாவி இருக்கும் கிளையே முதல் இலக்கு. கொடி சுற்றிய சீட்டுக்கு இருமுறை பொருத்த வேண்டும். அதாவது முதல் பொருத்தத்தில் கொடி அறும், இரண்டாவதில்தான் சீட்டு வரும். ஆகவே அதன் பக்கத்து எண்கள் இரண்டு கைவசம் இருக்கும்போதே அதைத் தொடுவது சிக்கனம். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து வெடிக்கும் சீட்டு மற்றெல்லாவற்றையும் ஒத்திவைக்கச் செய்யும். கைக்கட்டில் சீட்டுகளைக் கூட்டித்தரும் கூட்டல் சீட்டு மேசையில் எங்கு தெரிந்தாலும், அதன்மேல் கிடப்பவற்றை நீக்குவதற்குச் சற்று வளைந்துபோவதுகூடத் தகும்.

ஜோக்கர் எதன்மேலும் வைக்கத்தக்கது. பல பதிப்புகளில் அதன்மேலும் எந்தச் சீட்டையும் வைக்கலாம். இவ்விரண்டாவது பண்பே அதன் உண்மையான மதிப்பு. ஓட்டம் அறுந்த இடத்தில் ஏதாவது ஒன்றை எடுப்பதற்கு ஜோக்கரைச் செலவிடுவோர் ஒரு சீட்டையே பெறுகிறார்கள். மேசையில் ஒரு நீண்ட படிவரிசை கோக்கப்பட்டுத் தயாராக இருந்து, அதன் முதற்படிக்கு மட்டும் வழியில்லாமல் இருக்கும்போது ஜோக்கரை வைப்பவர் அந்த வரிசை முழுவதையும் பெறுகிறார். விலைகொடுத்து வாங்கிய ஜோக்கருக்கும் தானே வந்த ஜோக்கருக்கும் இதில் வேறுபாடு இல்லை.

விலை என்ற சொல் வந்துவிட்டதால் நாணயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான தீவு ஆட்டங்களில் ஒவ்வொரு நிலைக்கும் நுழைவுக்கட்டணமாக ஆட்ட நாணயம் கழிக்கப்படும். வென்றால் கூடுதலாகத் திரும்பும். தீர்ந்துபோனால் காத்திருக்க வேண்டும், அல்லது உண்மைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். விற்பனை மிகக் கூர்மையாக நடப்பது ஆட்டம் தோற்கும் தருணத்தில்தான். மேசையில் ஒன்றிரண்டு சீட்டுகள் மட்டும் எஞ்சிக் கைக்கட்டு தீர்ந்துவிட்டால், இன்னும் ஐந்து சீட்டு வேண்டுமா என்று ஒரு பலகை விலையோடு எழும். கிட்டத்தட்ட வென்றுவிட்டோம் என்ற உணர்வு சூதாட்ட இயந்திரங்களில் மீண்டும் ஆடத் தூண்டுகிறது என்பதை லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் மூளைப்படக் கருவியின் துணையோடு காட்டினர்; ஆட்ட வடிவமைப்பாளர்களுக்கும் அவ்வுணர்வு தெரியாததன்று.

அப்பலகைக்கு முன் உணர்வை நம்புவதைவிடக் கணக்கை நம்புவது நன்று. சீட்டுகள் சமவாய்ப்போடு வருகின்றன என்றும், சுற்றுப் பொருத்தம் உண்டு என்றும் கொண்டால், மேசையில் ஒரே ஒரு சீட்டு எஞ்சியிருக்கும்போது புதிதாக வரும் ஒவ்வொரு சீட்டும் அதற்குப் பொருந்தும் வாய்ப்பு பதின்மூன்றில் இரண்டு. ஐந்து சீட்டுகளில் ஒன்றாவது பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 57 விழுக்காடு. எஞ்சியது இரண்டு சீட்டுகளாக, ஒன்று மற்றொன்றின்மேல் படிந்து கீழுள்ளது கவிழ்ந்திருந்தால், அதே ஐந்து சீட்டுகளுக்கு வெற்றி வாய்ப்பு 23 விழுக்காட்டுக்குச் சரிந்துவிடுகிறது. பலகையில் விலை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். திறந்த சீட்டு ஒன்று மட்டும் எஞ்சி, ஐந்து சீட்டின் விலை அந்நிலையை மறுபடி தொடங்குவதற்கான கட்டணத்தில் பாதியைத் தாண்டாவிட்டால் வாங்குவதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டோ அதற்கு மேலோ எஞ்சினால் பலகையை மூடிவிட்டு நிலையைப் புதிதாகத் தொடங்குவதே சிக்கனம். வீட்டில் குழந்தைகளும் அதே கைப்பேசியில் ஆடுவார்கள் என்றால், செயலிக்குள் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும். அந்த அமைப்பு ஆட்டத்துக்குள் இராது, கைப்பேசியின் செயலி அங்காடிக் கணக்கில் இருக்கும்.